அருகிவரும் திராட்சை இரகங்களும் கூட்டுறவு நிலவறைகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை அறியாதவர் நம் அங்கத்தினர்களில் எவரும் இரார். சந்தையில் கூடையைத் திறந்த மாத்திரத்தில் எழும் நறுமணம் அப்பெயருக்குப் பொருத்தமானதே. 2023-ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றுச் சிறந்தது. ஆனால், அக்கொடியின் பிறப்பு வளர்ப்பை அறிந்தவர் மிகச் சிலரே ஆவர்.

அறிவியலார் அதனை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று வழங்குவர். 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இங்கிலாந்து தேசத்துக் கண்ணாடிக் கூடமொன்றில், ‘மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா’, ‘பிளாக் ஹாம்பர்க்’ என்னும் இரு இரகங்களின் கலப்பால் தோன்றியது அது. மரபணுச் சோதனையும் இதனை மெய்ப்பித்துள்ளது. இவ்விரு பெற்றோருள் முன்னது உலகறிந்த இரகம். பின்னதோ ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவைத் தாயகமாகக் கொண்டது. இத்தாலியர் அதனை ‘ஸ்கியாவா’ என்பர். அதே மலைநாட்டில் ஜெர்மன் மொழி பேசுவோர் ‘ஃபெர்னாட்ஷ்’ என்பர். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் ‘ட்ரோலிங்கர்’ என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ஆம் ஆண்டில் நட்ட பெருங்கொடி இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது இன்றும் காய்க்கின்றது.

வட இத்தாலியின் தென் டிரோல் மலைச்சரிவுகளில் இக்கொடியை நம் கம்பத்து விவசாயிகளைப் போலவே பந்தலிட்டு வளர்க்கின்றனர். அதன் பழத்திலிருந்து வெளிர்சிவப்பு நிறமும் இளந்துவர்ப்பும் உடைய எளிய ஒயினை உண்டாக்குகின்றனர். ஒரு காலத்தில் அவ்வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை ஆண்ட இவ்விரகம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இன்று சுருங்கிவிட்டது. அதனைக் கைவிடாது பேணிவருவோரில் முதன்மையானவர் யாரென்று பார்த்தால், 1893-ஆம் ஆண்டு முதல் அங்கே தோன்றித் தழைத்த கூட்டுறவுச் சங்கங்களே என்பது புலனாகும். நம் பன்னீர் திராட்சையின் பெற்றோருள் ஒன்று அயல்நாட்டுக் கூட்டுறவாளரின் கையில் உயிர் வாழ்கின்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

இத்தகைய அருகிய இரகங்களையும், அவற்றிலிருந்து பிறக்கும் பலரறியா ஒயின்களையும் நாடி ஊர் ஊராகச் செல்லும் பிரயாணிகள் இந்நாளில் பலர் உளர். அவர்கள் எதைத் தேடுகின்றனர், எங்கே காண்கின்றனர், அத்தேடலால் உழவனுக்கு விளையும் நன்மை யாது என்பனவற்றை ஈண்டு விளக்குவோம். மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது நம் நோக்கமன்று. ஒரு பயிர் எவ்வாறு அழிகின்றது, எவ்வாறு பிழைக்கின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இரகங்கள் பல, வழக்கில் சில

உலகில் ஒயினுக்காகப் பயிரிடப்படும் திராட்சை இரகங்களைத் தொகுத்து 2012-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளிவந்தது. ஜான்சிஸ் ராபின்சன், ஜூலியா ஹார்டிங், ஹோசே வூயாமோஸ் ஆகிய மூவர் இயற்றிய அந்நூல் 1,368 இரகங்களை விவரிக்கின்றது. எனினும், எந்த நாட்டுக் கடைக்குச் சென்றாலும் நம் கண்ணில் படுவன காபர்னே சோவின்யோன், மெர்லோ, ஷார்டொனே முதலிய சில பெயர்களே. ஆயிரத்துக்கு மேற்பட்டவை எங்கே சென்று ஒளிந்தன?

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது ஒரு சிறு பூச்சி. ‘ஃபில்லாக்ஸெரா’ எனப்படும் அது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவினது. வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுவது. வட அமெரிக்காவே அதன் பிறப்பிடம். அங்குள்ள காட்டுத் திராட்சைக் கொடிகள் அதனைத் தாங்கும் வலிமை பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டில் புதுமை விரும்பிகள் அமெரிக்கக் கொடிகளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றபோது, பூச்சியும் வேரோடு கூடவே சென்றது. 1860-களில் பிரான்சின் தென்பகுதியில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868-ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்து அறிஞர் பிளான்ஷோன் முதலியோர் பட்ட கொடிகளின் அருகே நின்ற கொடிகளைப் பிடுங்கி, வேரில் மொய்த்திருந்த பூச்சியைக் கண்டறிந்தனர். அதற்குள் கேடு பரவிவிட்டது. சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி பாழாயிற்று.

பின்னர் மருந்தும் கிடைத்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடிமீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினால் பூச்சி தீங்கு செய்யாது என்று கண்டனர். ஆனால், ஒட்டுக்கன்று விலை கொடுத்து வாங்க வேண்டியது. தோட்டத்தை முற்றிலும் புதுப்பிக்கும் உழவன் தன் பாட்டன் காலத்து இருபது இரகங்களையும் மீண்டும் நடுவானா? நிறையக் காய்ப்பதும் எளிதில் விற்பதுமான இரண்டொன்றைத் தேர்ந்துகொண்டான். ஏனையவை வேலியோரத்தில் ஒதுங்கின. பின் பெயரும் மறந்தன.

கணக்கு அழித்த கொடிகள்

இரண்டாவது காரணம் பூச்சியினும் நுண்ணியது. விலை போடும் முறையே அது. இதில் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் திராட்சைக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகிய காலத்தில், அங்கத்தினர் கொண்டுவரும் பழத்தை எடைபோட்டு, அதன் சர்க்கரை அளவைக் கருவியால் அளந்து, இவ்விரண்டையும் பெருக்கி வந்த தொகைக்கு ஏற்பப் பணம் கொடுப்பது வழக்கமாயிற்று. இம்முறை நேர்மையானது, எவருக்கும் ஓரவஞ்சனை செய்யாதது, ஏழை உழவனை இடைத்தரகன் ஏமாற்றாமல் காத்தது. ஆயினும் அதற்கொரு பக்கவிளைவு உண்டு. குறைவாகக் காய்த்து நறுமணம் மிகுந்த பழமும், சர்க்கரை குறைந்து புளிப்புச் சுவையால் சிறந்த பழமும் அக்கணக்கில் தோற்றுப்போயின. அவற்றை வளர்த்தவன் நட்டப்பட்டான். நட்டப்பட்டவன் கொடியை வெட்டினான். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனாலும் இரகம் அழிந்தது.

அதே கூட்டுறவு முறைதான் வேறு சில ஊர்களில் அருகிய இரகங்களுக்குக் கடைசிப் புகலிடமாகவும் நின்றது. அவ்வூர்களில் சிலவற்றை இனிக் காண்போம்.

மணலில் பிழைத்த கொடி

போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனுக்கு மேற்கே, சின்த்ரா மலையைத் தாண்டி அட்லாண்டிக் கரையில் கொலாரெஷ் என்றோர் ஊர் உளது. அங்கு மணலே நிலம். மணலுக்கு அடியில் களிமண். மணலில் ஃபில்லாக்ஸெரா பூச்சி பரவ இயலாது. ஆதலின், நாடெங்கும் கொடிகள் பட்டபோது கொலாரெஷ் மட்டும் தப்பியது. ‘ரமிஷ்கோ’ என்னும் சிவப்பு ஒயினுக்குரிய இரகம் அங்கே இன்றும் ஒட்டுக் கட்டப்படாமல் தன் வேரிலேயே நிற்கின்றது.

அங்கே கொடி நடும் வேலை எளிதன்று. களிமண் தட்டுப்படும் வரை மணலில் ஆழமான பள்ளம் தோண்ட வேண்டும். சில இடங்களில் அது ஆள் உயரத்தையும் மிஞ்சும். மணல் சரிந்து மூடினால் மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக, அடியில் வேலை செய்வோர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தோண்டினர் என்பர். கொடியைக் களிமண்ணில் பதித்து, அது வளர வளர மணலைச் சிறிது சிறிதாக நிரப்புவர். கடற்காற்று கொடியை முறித்துவிடாமல் நாணல் தட்டிகளை நிறுத்துவர். கொடி தரையோடு தரையாகப் படரும். பழம் முற்றும் பருவத்தில், சுடுமணல் பட்டுக் குலை வெந்துபோகாதபடி சிறு முட்டுக்கோல் கொடுத்து உயர்த்துவர்.

இத்தனை உழைப்புக்கும் கிடைக்கும் விளைச்சல் சொற்பமே. ஒயினோ இளமையில் கடுந்துவர்ப்பும் புளிப்பும் உடையது. பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் பக்குவப்படும். 1908-ஆம் ஆண்டில் அரசாங்கம் கொலாரெஷ் எல்லையை வரையறுத்தது. 1931-ஆம் ஆண்டில் அங்கத்தினர் கூடி ‘அடேகா ரீஜியொனால்’ என்னும் கூட்டுறவு நிலவறையை நிறுவினர். போர்த்துகலில் இன்றும் இயங்கிவரும் கூட்டுறவு ஒயின் நிலவறைகளுள் மிகப் பழமையானது இதுவே.

பூச்சியை வென்ற அவ்வூரை வீட்டுமனை வென்றது. தலைநகரத்துச் செல்வர் கடற்கரையில் மாளிகை எழுப்ப விரும்பினர். ஒரு காணி மணலில் ரமிஷ்கோ வளர்த்துப் பல்லாண்டு ஈட்டும் பொருளை ஒரே நாளில் மனை விற்றுப் பெற முடிந்தது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த தோட்டம் சில பத்து ஹெக்டேராகக் குறுகியது. இன்று எஞ்சியிருப்பது, அங்கத்தினர் சிலர் விடாப்பிடியாகக் கொடியைக் காத்ததாலும், அவர்கள் கொண்டுவரும் சிறு அளவுப் பழத்தையும் மறுக்காமல் ஏற்கும் நிலவறை ஒன்று அங்கே இருந்ததாலும் எஞ்சியது. கையளவு தோட்டம் உடையவன் தனக்கென்று தொட்டியும் பீப்பாயும் வாங்க இயலுமா? சங்கம் இல்லையேல், கொலாரெஷ் என்னும் பெயர் பழைய ஏடுகளில் மட்டுமே இருக்கும்.

பனிமலை அடிவாரத்தில்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஐரோப்பாவின் பெருமலைகளுள் ஒன்றான மோன் பிளானின் அடிவாரத்தில் மோர்ஷே, லா சால் என்னும் இரு சிற்றூர்கள் உள. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் முதல் 1,200 மீட்டர் வரை அங்கே திராட்சை விளைகின்றது. இவ்வளவு உயரத்தில், இவ்வளவு குளிரில் வேறு இரகம் பிழைப்பது அரிது. ‘ப்ரியே பிளான்’ என்னும் வெண்திராட்சை மட்டும் நிலைக்கின்றது. ஏனெனில் அது தாமதமாகத் துளிர்க்கும். ஆயினும் விரைவில் பழுக்கும். இளவேனிற்பனி அதன் துளிரைக் கருக்குவதற்கு முன்பே துளிர்ப்பதுமில்லை. இலையுதிர்காலக் குளிர் வந்து சேரும் வரை பழம் காத்திருப்பதுமில்லை. பூச்சியும் அக்குளிர்நிலத்தை எட்டவில்லை. எனவே இங்கும் கொடிகள் தம் வேரிலேயே நிற்கின்றன.

பந்தலோ இடுப்பளவு உயரமே உடையது. பகலில் கல்லும் மண்ணும் உண்ட வெயிலை இரவில் கொடி பெறும்பொருட்டு அவ்வாறு அமைத்தனர். கவாத்துச் செய்வோரும் குலை அறுப்போரும் குனிந்தும் மண்டியிட்டுமே வேலை செய்ய வேண்டும். ஒருவருக்கு உரிய நிலமோ சிறுசிறு துண்டுகள். இளைஞர் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வேலை தேடிச் சென்றனர். இந்நிலையில், அவ்வூர்ப் பங்குத் தந்தை ஒருவர் தாமே ஒயின் செய்து புட்டியில் அடைத்து அதன் பெருமையைப் பிறர் அறியச் செய்தார். அவர் காட்டிய வழியில் 1983-ஆம் ஆண்டில் கூட்டுறவு நிலவறை தோன்றியது. மெல்லிய உடலும், கூரிய புளிப்பும், மலைப்புல்லின் மணமும் உடைய அவ்வொயினை இன்று வேற்றூரார் தேடி வந்து வாங்குகின்றனர்.

கூடையாகும் கொடி

கிரேக்க நாட்டுச் சான்டொரீனி எரிமலைத் தீவின் செய்தி நெசவாளர்க்கும் கூடை முடைவோர்க்கும் தனி இன்பம் தரும். அங்கே பந்தல் இல்லை; காற்று பந்தலைப் பறித்துவிடும். எனவே உழவர் கொடியையே வளைத்து, ஆண்டுதோறும் புதுத் தண்டைப் பழைய தண்டோடு பின்னி, தரைமீது ஒரு கூடையாக முடைகின்றனர். குலைகள் அக்கூடையின் உள்ளே, காற்றுக்கும் வெயிலுக்கும் மறைவாகப் பழுக்கும். கோடையில் மழையே இல்லாத அத்தீவில், இரவில் கடலிலிருந்து எழும் ஈரப்பனியே கொடிக்குத் துணை நீர். எரிமலைச் சாம்பல் மண்ணில் பூச்சியும் வாழ்வதில்லை.

இத்தீவின் கூட்டுறவுச் சங்க ஒன்றியம் 1947-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ‘அசிர்ட்டிகோ’ என்னும் அங்குள்ள வெண்திராட்சை இன்று புகழ் பெற்றுவிட்டது. ஆயினும் அதன் உடன்பிறப்புகள் போன்ற ‘ஐதானி’, ‘மவ்ரோத்ரகனோ’ என்னும் இரகங்களை அறிந்தவர் குறைவு. விவரமறிந்த பிரயாணி அவற்றையே கேட்பார். உல்லாச விடுதிகள் பெருகித் தோட்டங்களை விழுங்கும் அத்தீவில், இத்தகைய கேள்வி ஒவ்வொன்றும் உழவனுக்கு ஒரு துணையாகும்.

மூன்று சங்கங்கள் ஒன்றான கதை

பிரான்சின் தென்மேற்கில் காஸ்கனி என்னும் நாட்டுப்புறம் உளது. அங்கே பிளேசான்ஸ், ஐன்யான், சேன் மோன் என மூன்று ஊர்களில் தனித்தனியே கூட்டுறவு நிலவறைகள் இருந்தன. அவர்தம் வெள்ளை ஒயின் பெரும்பாலும் அர்மான்யாக் என்னும் சாராயம் வடிப்பதற்கே சென்றது. அதன் வாணிபம் மந்தமானபோது மூன்று சங்கங்களும் தவித்தன. 1979-ஆம் ஆண்டில் அவை ஒன்றுகூடி, தத்தம் ஊர்ப்பெயரின் எழுத்துகளை இணைத்து ‘பிளேமோன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டன. ஆந்த்ரே டுபோஸ்க் என்பவர் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் எதிரே இரண்டு வழிகள் இருந்தன. உலகெங்கும் விற்கும் இரகங்களை நட்டுப் பெரும் நிறுவனங்களோடு விலையில் போட்டியிடுவது ஒன்று. தம் மண்ணில் மட்டும் உள்ளதைத் தேடி எடுப்பது மற்றொன்று. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். அங்கத்தினரின் பழந்தோட்டங்களில் வரிசை வரிசையாக நடந்து, பெயர் தெரியாத கொடிகளைக் குறித்து, குச்சிகளை வெட்டிவந்து, அருகிய இரகங்களுக்கென்றே ஒரு காப்புத் தோட்டம் அமைத்தனர். முப்பதுக்கு மேற்பட்ட இரகங்கள் அங்கே சேர்ந்தன. அவற்றுள் சில, எந்த ஏட்டிலும் பெயர் பதியப்படாதவை. ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவு ஒயின் செய்து சுவைத்துப் பார்த்தனர்.

அத்தேடலில் மீண்டும் உயிர் பெற்றவற்றுள் ‘மான்சேங் நுவார்’ ஒன்று. இதன் பழத்தில் சர்க்கரை குறைவு. ஆதலால் ஒயினில் சாராய வீதமும் குறைவு. முன்னோர் இதனைக் குறையென்று கருதிக் கைவிட்டனர். ஆனால், இந்நாளில் வெப்பம் மிகுந்து, வழக்கமான இரகங்களில் சர்க்கரை அளவுக்கு மீறி ஏறுகின்றது. எனவே அன்றைய குறை இன்று நிறையாயிற்று. ‘தார்திஃப்’ என்னும் மற்றோர் இரகத்தின் பெயருக்குப் ‘பிந்திப் பழுப்பது’ என்று பொருள். வெப்பக் காலத்தில் பிந்திப் பழுப்பதும் ஒரு பேறே. பாட்டன் எறிந்த கருவி பேரனுக்கு உதவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதே வட்டாரத்தில் சாரகாஷி என்னும் சிற்றூரில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அரை ஏக்கர் அளவுள்ள தோட்டம் ஒன்று உளது. மணற்பாங்கான நிலமாதலால் பூச்சிக்குத் தப்பியது. அங்குள்ள ஏறக்குறைய 600 கொடிகளில் 21 இரகங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஏழு, அறிஞர் எவரும் அறியாதவை. 2012-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அத்தோட்டத்தை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. கோட்டைகளும் தேவாலயங்களும் இடம்பெறும் பட்டியலில் உயிருள்ள திராட்சைத் தோட்டம் ஒன்று இடம்பெற்றது அதுவே முதன்முறை.

பெயர் பல, கொடி ஒன்று

அருகிய இரகத்தைத் தேடுவோர்க்குப் பெரிய இடையூறு பெயர்க் குழப்பமே. ஒரே கொடி ஊருக்கொரு பெயர் பூணும். வெவ்வேறு கொடிகள் ஒரே பெயரைப் பகிரும். 1990-களில் மரபணுச் சோதனை கைவந்த பின்னரே இம்முடிச்சு அவிழத் தொடங்கியது.

கலிபோர்னியாவில் ‘சின்ஃபண்டல்’ என்றோர் இரகம் பெரும்புகழ் பெற்றது. அது எங்கிருந்து வந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. இத்தாலியின் தெற்கில் ‘ப்ரிமிட்டீவோ’ எனப்படுவதும் அதுவும் ஒன்றே எனத் தெளிந்த பின்னும் பிறப்பிடம் புலப்படவில்லை. அமெரிக்க அறிஞர் காரொல் மெரடித் அம்மையார் குரோவாசிய நாட்டு அறிஞர்களான இவான் பேயிச், எடி மலேட்டிச் ஆகியோருடன் சேர்ந்து, ஏட்ரியாட்டிக் கடற்கரைத் தோட்டங்களில் இலை இலையாகத் தேடினார். 2001-ஆம் ஆண்டில், கஷ்டேலா என்னும் ஊரில், ‘சர்ல்யெனாக்’ என்று அவ்வூரார் அழைத்த பழங்கொடிகள் சில அதே இரகமெனச் சோதனையில் தெரியவந்தது. ஒரு நாட்டில் பல்லாயிரம் ஏக்கரில் விளைந்து செல்வம் கொழிக்கச் செய்த கொடி, தன் பிறந்த மண்ணில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் நின்றிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அவையும் அடுப்பெரிக்கச் சென்றிருக்கும்.

தேடிச் செல்வோர் அறியவேண்டுவன

பிள்ளைகளைக் காணவோ, வாணிபம் கருதியோ, கூட்டுறவுச் சுற்றுலாவிலோ ஐரோப்பா செல்லும் நம் அங்கத்தினர், அங்குள்ள திராட்சைச் சங்கங்களைக் காண விரும்பினால் பின்வருவனவற்றை நினைவிற் கொள்வது நலம்.

முதலாவதாக, சங்கத்தின் பெயரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பிரான்சில் ‘காவ் கோஆப்பெரட்டீவ்’ என்றும், இத்தாலியில் ‘கான்டினா சோசியாலே’ என்றும், போர்த்துகலில் ‘அடேகா கோஆப்பரட்டீவா’ என்றும், ஜெர்மனியில் ‘வின்ட்ஸர்கெனோசென்ஷாஃப்ட்’ என்றும் பலகை தொங்கும். ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கிலுள்ள மாய்ஷோஸ் ஊர்ச் சங்கம் 1868-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இத்தகைய நிலவறைகளில் பெரும்பாலும் விற்பனைக்கூடம் ஒன்று இருக்கும். சுவைத்துப் பார்க்கவும் தருவர்.

இரண்டாவதாக, “சிவப்பு உண்டா, வெள்ளை உண்டா?” என்று கேட்பதை விடுத்து, “இவ்வூரில் மட்டும் விளையும் திராட்சை எது?” என்று கேட்க வேண்டும். அக்கேள்வி விற்பவர் முகத்தை மலரச் செய்யும். பல நாடுகளில் புட்டியின் மேல் ஊர்ப்பெயர் மட்டுமே பெரிதாக இருக்கும். இரகத்தின் பெயர் பின்புறச் சீட்டில் சிறிதாக இருக்கும், அல்லது இராமலே போகும். கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவதாக, சுவைப்போர் விழுங்க வேண்டுமென்பதில்லை. நிறத்தைப் பார்த்து, மணத்தை முகர்ந்து, ஒரு மிடறு வாயில் கொண்டு, அதற்கென வைத்துள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுவதே தொழிலறிந்தோர் வழக்கம். அதனை எவரும் இழிவாகக் கருதார். மது தொடாதவர் திராட்சைப் பழச்சாற்றையோ பழத்தையோ கேட்கலாம். தோட்டத்தைக் காண்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நான்காவதாக, அறுவடைக் காலமாகிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சென்றால், அங்கத்தினர் பழம் ஏற்றிய வண்டிகளோடு எடைமேடை முன் வரிசையில் நிற்பதைக் காணலாம். நம் சங்கத்துக் கொள்முதல் நாளை அது நினைவூட்டும். ஆனால் அந்நாளில் அவர்களுக்கு ஓய்வில்லை. ஒதுங்கி நின்று காண்பதே பண்பு.

ஐந்தாவது எச்சரிக்கை மிக இன்றியமையாதது. அரிய கொடியைக் கண்டோம் என்று ஆசைப்பட்டு ஒரு குச்சியைக்கூட வெட்டிப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரலாகாது. ஐரோப்பாவைப் பாழாக்கிய பூச்சி இவ்வாறுதான் கடல் கடந்தது. அயல்நாட்டுச் செடியை நம் நாட்டுக்குள் கொண்டுவர அரசாங்க அனுமதியும் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். ஒருவர் பெட்டியில் வரும் ஒரு குச்சி ஒரு பள்ளத்தாக்கின் பிழைப்பையே கெடுக்க வல்லது.

நமக்குரிய பாடம்

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். அருகிய இரகத்தைக் காப்பது ஆராய்ச்சிக் கூடம் மட்டுமன்று. கூடத்தில் குச்சி பிழைக்கலாம். ஆனால் அதை எப்போது கவாத்துச் செய்வது, எந்தப் பருவத்தில் அறுப்பது, எத்தனை நாள் ஊறவைப்பது என்னும் கைப்பழக்கம், அதைப் பயிரிட்டு வயிறு வளர்ப்பவனிடம் மட்டுமே பிழைக்கும். அவனுக்கோ இருவர் துணை வேண்டும். பெயர் சொல்லிக் கேட்டு உரிய விலை கொடுப்பவன் ஒருவன். சிறிதளவே ஆயினும் மறுக்காமல் வாங்கி, பிறிதொன்றோடு கலக்காமல் தனியே வைத்து விற்கும் சங்கம் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கொடி வேலியோரத்துக்குப் போய்விடும்.

இது திராட்சைக்கு மட்டும் உரியதன்று. கோர்வைக் கரை போடத் தெரிந்த நெசவாளருக்கும், பழைய நெல் வித்தைக் கைவிடாத உழவருக்கும் இதே நியாயம் பொருந்தும். இரட்டை உழைப்பு வாங்கும் சேலைக்கும் சாதாரணச் சேலைக்கும் ஒரே கூலி போட்டால், எந்த நெசவாளர் தம் மகனுக்குக் கோர்வை கற்பிப்பார்? எடையை மட்டும் பார்த்து விலை போட்டால், எந்த விவசாயி மணமுள்ள இரகத்தை நடுவார்? கூலிப் பட்டியலும் கொள்முதல் விலைப்பட்டியலும் வெறும் கணக்குத் தாள்களல்ல. அடுத்த தலைமுறைக்கு எது எஞ்சும், எது அழியும் என்று விதிக்கும் சாசனங்கள் அவை.

ஆகவே, அங்கத்தினர்களே, நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் விலைப்பட்டியல் வாசிக்கப்படும்போது ஒரு கேள்வி எழுப்புங்கள்: “நம் ஊரில் மட்டும் விளைவது எது? நம் ஊர்த் தறியில் மட்டும் இறங்குவது எது? அதற்கு இப்பட்டியலில் தனி வரி உண்டா?” இல்லையென்று விடை வருமாயின், அவ்வரியைச் சேர்க்குமாறு தீர்மானம் கொண்டுவாருங்கள். கொலாரெஷின் மணலிலும் மோர்ஷேயின் பனியிலும் சிறு உழவர் கூடிச் செய்த காரியம் அதுவே. நம்மால் ஆகாததும் அன்று.